பிளாக் மாடல்ல செக்‌ஷன் திசை எப்படி வைக்கறது, யாராச்சும் சொல்லுங்க
வணக்கம் அண்ணே, அக்கா, மலேசியாவுல ரவுப்ல இருந்து எழுதறேன். ஜியாலஜி கோர்ஸ்ல பயிற்சிக்கு குடுத்த டிரில்ஹோல் (நிலத்துல போட்ட துளை) டேட்டாவ வச்சி பிளாக் மாடல் (நிலத்தடிய சின்னச் சின்னக் கட்டமா பிரிச்சிக் காட்டற 3டி மாடல்) போட்டாச்சு, செக்‌ஷன் (செங்குத்து குறுக்குவெட்டு) வெட்டற இடத்துலதான் தலை சுத்துது.

தங்கம் இருக்கற குவார்ட்ஸ் வெயின் (பாறைக்குள்ள ஓடற படிகக்கல் பட்டை) ஸ்ட்ரைக், அதாவது அது நீளவாக்குல ஓடற திசை, வடக்குல இருந்து கடிகாரச் சுத்துல 320 டிகிரி, வடகிழக்குப் பக்கமா 65 டிகிரி சாயுது. அதுக்கு குறுக்க 050 திசையிலதான் கோடு போடணும், அது வரைக்கும் சரி. நேரா கிழக்கு மேற்கா வெட்டுனா சாய்வு 59 கிட்ட காட்டும், அகலமும் 30 சதவீதம் கூட தெரியும், பாக்க ஜோரா இருக்கும் ஆனா தங்கம் ஒன்னும் கூடாது லா.

சாப்ட்வேர்ல அசிமுத்னு (திசைக் கோணம்) ஒரே ஒரு கட்டம் இருக்கு. அது கோடு போற திசையா, அப்ப 050 போடணும், இல்ல நாம பாக்கற திசையா, அப்ப 320, அதுலயும் 140 போட்டா இடம் வலம் மாறி வெயின் எதிர்ப்பக்கம் சாயற மாதிரி தெரியுது. மாடலயும் 320க்கு திருப்பி வச்சிருக்கேன், செக்‌ஷன் அதோட ஒத்துப்போகலன்னா பிளாக் ஓரமெல்லாம் ரம்பப் பல்லு மாதிரி வருது.

இன்னொன்னு, செக்‌ஷன் இடைவெளி 25 மீட்டர், கிளிப்பிங் (கோட்டுல இருந்து எவ்ளோ தூரம் வரைக்கும் உள்ள டேட்டாவ காட்டணும்ங்கறது) ரெண்டு பக்கமும் 12.5 மீட்டர் வச்சா எல்லா ஹோலும் வந்துருமா? மைன்ல வேலை செய்யறவங்க யாராச்சும் ஒரு ஸ்கிரீன்ஷாட் போட்டா புண்ணியமா போகும், மலாய்ல சொன்னாலும் ஓகே.