கண்டி மோல்ல மெனிகியூர் செஞ்சா கொழுந்துக் கறை போகுமா, போகாதா?

ஹட்டன்காரி:
ஒரு படத்துக்குக் கீழ ஒருத்தர் எழுதினத பார்த்ததுலருந்து ஆத்திரம் அடங்கல, அதனால தனியாவே எழுதுறேன். தோட்டத்துல தேயிலைக் கொழுந்து எடுக்குற அக்காமாரு சில பேரு சம்பளம் வந்த கெழமை கண்டி சிட்டி சென்டருக்குப் போயிருக்காங்க. கடை கடையா சுத்தி, ஐஸ்கிரீம் சாப்புட்டு, சலூன்ல கைக்கு மெனிகியூர் செஞ்சி, விரல விரிச்சிக் காட்டி படம் போட்டிருந்தாங்க. அதுக்கு இந்த மனுசன் எழுதினது: "என்னா தேய்ச்சாலும் கொழுந்துக் கறை போகாது. காசுக்குப் புடிச்ச கேடு."

போகும். எங்கம்மாவ நானே கூட்டிட்டுப் போனேன். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் உரசுற எடத்துல கோடு கோடா கறுத்து, பனிக்காலத்துல வெடிச்சி, சோறு பிசைஞ்சா உப்பும் புளியும் பட்டு எரியுற கை அது. சலூன் பிள்ளை வெதுவெதுப்பான தண்ணியில ஊற வச்சி, நக இடுக்கெல்லாம் சின்ன பிரஷ்ஷால தேய்ச்சி, கிரீம் போட்டு முழங்கை வரைக்கும் உருவி விட்டிச்சி. தண்ணி தேத்தண்ணி நெறத்துக்கு வந்திருச்சி. தொடைச்சி எடுத்தப்ப கோடு இல்ல. அம்மா ரெண்டு கையையும் மடியில விரிச்சி வச்சிக்கிட்டு, சாமான் பையக்கூட தூக்கமாட்டேன்னு உக்காந்திருந்தாங்க. இதுக்குப் பேரு கேடா?

பழைய கணக்கப்பிள்ளை:
எழுதினவன் நான்தான், ஒளிய மாட்டேன். வாழ்நாள் பூரா மலையில நின்னு கொழுந்த தராசுல நிறுத்தவன். எத்தனையோ பேரு கைய பார்த்திருக்கேன். கறை போகாது. தண்ணி நெறம் மாறிச்சின்னு சொல்றீங்களே, மேல ஒட்டின அழுக்கு எறங்கியிருக்கும். மறுநா காலையில கூடைய மாட்டிக்கிட்டு மலைக்கு ஏறினா பொழுது சாயிறதுக்குள்ள கை பழைய கைதான்.

கணக்கையும் பாருங்க. 2021ல ஒரு பேருக்கு, அதான் ஒரு நாள் வேலைக்கு, 1000 ரூவா, 2024ல 1350. அதுல ஈ.பி.எஃப்.னு சேமலாப நிதிக்கு 8 வீதம் புடிப்பாங்க, சங்கத்து சந்தா புடிப்பாங்க, வாங்கின முற்பணம் புடிப்பாங்க. கிலோ கொறஞ்சா முழுப்பேரும் கெடைக்காது. இந்த லட்சணத்துல கண்டிக்கு பஸ் காசு, மோல்ல சாப்பாடு, அதுக்கு மேல நகம் தேய்க்க காசு.

ஹட்டன்காரி:
கொழுந்து நிறுத்தவரா? தராசுல ஈரத்துக்கு, கூடைக்குன்னு கிலோ கழிச்சிக்கிட்டே நின்ன கூட்டம் இன்னைக்கு அதே பொம்பளைங்களோட செலவுக்கு கணக்குப் பார்க்க வந்திருச்சி. கறை போச்சு. எங்கண்ணால பார்த்தேன்.

பழைய கணக்கப்பிள்ளை:
தராசு கதைய இங்க கொண்டு வராதீங்க. கறை போகாதுன்னேன், அதுக்கு பதில் சொல்லுங்க.

நுவரெலியா தங்கச்சி:
எனக்கு ஒன்னு வெளங்கல. ஒரு நாள் நிம்மதியா சுத்த கண்டிதான் போகணுமா? நுவரெலியாவுக்கு வாங்க. பேல் பசார்ல நல்ல ஜெக்கட் பேரம் பேசி வாங்கலாம், விக்டோரியா பூங்காவுல உக்காரலாம், கிரகரி வாவி பக்கம் நடக்கலாம். தலவாக்கலை, கொட்டகலை ஆளுங்களுக்கு கண்டிய விட கிட்டவும்கூட. கண்டியில என்னா இருக்கு, வெயிலும் ட்ராபிக்கும்தான்.

கண்டி டவுன்:
நுவரெலியாவுல ஏப்ரல் சீசனுக்குப் போயி நின்னு பாருங்க தெரியும். போன வருசமும் இதே தங்கச்சிதான் சீசன் வெலைய ஞாயப்படுத்தி எழுதினாங்க, நான் மறக்கல. கண்டியில தலதா வீதியில எறங்கினா சிட்டி சென்டர் ஒரு பக்கம், கார்கில்ஸ் ஒரு பக்கம், பசி எடுத்தா டெவோன். மழை பெஞ்சாலும் நனையத் தேவையில்ல. நான் அங்கதான் வேலை செய்யிறேன். ஞாயித்துக்கெழமை தோட்டத்துலருந்து குடும்பம் குடும்பமா வாறாங்க. சின்னப் பிள்ளைங்க ஓடுற படியில ஏறப் பயந்து அம்மா சீலைய புடிச்சிக்கிட்டு நிக்கும், அப்புறம் எறங்க விடாது.

ஆனா ஒன்னு சொல்றேன், கோவிக்காதீங்க. பாதிப் பேரு ஒன்னும் வாங்க மாட்டாங்க. சுத்திட்டுப் போயிருவாங்க.

பொகவந்தலாவை அண்ணன்:
வாங்காம சுத்தினா உங்களுக்கு என்னா தம்பி? ஒங்க கடை வாசல்ல டிக்கட்டா வச்சிருக்கு? தோட்டத்துக்காரன் கண்ணாடிக்குள்ள இருக்குறத பார்க்கக்கூட காசு கட்டணுமா?

கண்டி டவுன்:
நான் அப்படி சொல்லல அண்ணே. நானும் தோட்டத்துல பொறந்தவன்தான்.

பொகவந்தலாவை அண்ணன்:
டவுன்ல வேலை கெடைச்சதும் "தோட்டத்துலருந்து வாறாங்க"ன்னு எழுத வந்திருச்சில்ல. அப்படித்தான் சொன்னீங்க. மேல இருக்கு, எல்லாரும் படிக்கலாம்.

கொழும்புல இருக்கேன்:
ஒரு சின்னக் கேள்வி. மோல்னு எத சொல்றீங்க? கொழும்புல 2019ல வன் கோல் ஃபேஸ் தொறந்தாங்க, அது மோல். கண்டியில இருக்குறது கடைத்தொகுதி. முதல்ல அத தீர்த்துட்டு பேசலாமே.

ஹட்டன்காரி:
யாரு கேட்டா? கறை போகுமா போகாதாங்கிறதுதான் பேச்சு. கணக்கப்பிள்ளை ஐயா, உங்களுக்கு நான் ஒன்னு கேக்குறேன். பொகவந்தலாவை அண்ணன்கிட்டயும் கேளுங்க. சம்பள நாள் சாயங்காலம் டவுன்ல எந்தக் கடை வாசல்ல கூட்டம் நிக்கிது? அங்க போற ஆம்பளைகிட்ட "காசுக்குப் புடிச்ச கேடு"ன்னு எப்பவாவது எழுதியிருக்கீங்களா? பொம்பளை ஒருத்தி வருசத்துல ஒரு நாள் தன் கையத் தானே பார்த்துக்கிட்டா மட்டும் உங்களுக்கு ஈ.பி.எஃப். ஞாபகம் வருது.

பொகவந்தலாவை அண்ணன்:
என்னைய எதுக்கு இழுக்குறீங்க? நான் உங்க பக்கம்தானே பேசுறேன். எல்லா ஆம்பளையும் குடிக்கிறவன் இல்ல. நான் தொட்டதே இல்ல.

இஸ்டோர் தம்பி:
நான் தேயிலை இஸ்டோர்ல, அதான் தேயிலை பெக்டரியில, வேலை செய்யிறேன். கறை ஏன் வருதுன்னு தெரிஞ்சா பாதி சண்டை முடியும். பச்சைக் கொழுந்துல உள்ள சாறுக்கு நெறம் கெடையாது. இலை நசுங்கி காத்து பட்டா அதுல உள்ள நொதி அந்த சாற மண்ணெறமாக்கும். இஸ்டோர்ல ரோலர்ல போட்டு நசுக்கி நாங்க செய்யிறதும் அதேதான். கொழுந்து கிள்ளுற விரல்ல அது நாள் பூரா நடக்குது. அதோட இரும்பு சேர்ந்தா இன்னும் கறுக்கும், அதனாலதான் கத்தி புடிக்கிறவங்க கை மையாட்டம் இருக்கும். சாறு தோலோட மேல் படையில ஏறிப் புடிச்சிக்கிது. மேல்தோல் சில வாரத்துல தானா உதிரும், அதோட கறையும் போகும். நகத்துல ஏறினா கஷ்டம். நகம் மாசத்துக்கு 3 மில்லிமீட்டர் அளவுதான் வளரும், முழுசா மாற ஆறு மாசம் போல ஆகும்.

ஹட்டன்காரி:
போகும்னு இஸ்டோர் தம்பியே சொல்லிட்டாரு. எல்லாரும் படிச்சீங்களா?

பழைய கணக்கப்பிள்ளை:
நகத்துல போகாதுன்னு இஸ்டோர் தம்பியே சொல்லிட்டாரு. ஆறு மாசம். இடையில யாரு கொழுந்து எடுக்காம இருக்கப் போறா? 1867ல லூல்கந்துரயில ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்ட நாள்லருந்து இந்தக் கறை நம்ம கையில இருக்கு. எங்கம்மா கையில இருந்திச்சி. அத அவங்க மறைக்கல, அதுக்காக வெக்கப்படவும் இல்ல. அந்தக் கையாலதான் என்னைய படிக்க வச்சாங்க. அத சொரண்டி எடுக்க ஏன் காசு குடுக்கணும்னுதான் எனக்கு வயித்தெரிச்சல். இத நீங்க கேக்க மாட்டீங்க.

ஹட்டன்காரி:
இப்ப பேச்ச மாத்துறீங்க. முதல்ல போகாதுன்னீங்க, இப்ப போகக்கூடாதுங்கிறீங்க. உங்கம்மாவுக்கு வெக்கம் இல்லாம இருந்திருக்கலாம். எங்கம்மா பேங்க்ல கையெழுத்துப் போடும்போது விரல மடிச்சி மறைப்பாங்க. பள்ளிக்கூடத்துல பெற்றோர் கூட்டத்துக்கு வந்தா கைய முந்தானைக்குள்ள வச்சிக்குவாங்க. அந்தக் கைய ஒரு தடவை அவங்களே விரிச்சிப் பார்த்தது எனக்குப் போதும். கறை பெருமைன்னு நீங்க பேசலாம், கூடை தூக்கினது நீங்க இல்ல.

மஸ்கெலியா டீச்சர்:
சண்டைக்கு நடுவுல ஒன்னு. கறைக்கு தேசிக்காய், அதான் எலுமிச்சை, தேய்க்கிறவங்க இருக்காங்க. அதுல உள்ள அமிலம் கறைய மங்க வைக்கும், உண்மைதான். ஆனா தேய்ச்ச கையோட வெயில்ல நிக்காதீங்க. தேசிக்காய் சாறு பட்ட தோல் வெயில்ல வெந்து கொப்புளம் போட்டுரும், அப்புறம் கறுத்த தழும்பு பல நாள் நிக்கும். சாயங்காலம் தேய்ச்சி நல்லா கழுவிருங்க. மெனிகியூர் செஞ்சாலும் நகத்தடித் தோல வெட்ட விடாதீங்க. ஊற வச்சி பின்னுக்குத் தள்ளினா போதும். வெட்டின எடத்துல மழைத்தண்ணி ஊறினா நகச்சுத்தி வரும், மலையில ஈரத்துல நிக்கிறவங்களுக்கு அது பெரிய தொந்தரவு. நகத்த பளபளப்பாக்க அரத்தால ரொம்பத் தேய்ச்சா நகம் மெலிஞ்சிரும்.

பழைய கணக்கப்பிள்ளை:
பார்த்தீங்களா, காசும் குடுத்து நகச்சுத்தியும் வாங்கிட்டு வரணும். டீச்சரே சொல்றாங்க.

மஸ்கெலியா டீச்சர்:
நான் அப்படி சொல்லவே இல்ல ஐயா. கவனமா செய்ங்கன்னு சொன்னேன். என் வாயில வராதத எழுதாதீங்க.

நுவரெலியா தங்கச்சி:
கண்டி டவுன் அண்ணன் சீசன் வெலைய பத்தி பழைய கதைய எடுத்ததால சொல்றேன். நான் வெலைய ஞாயப்படுத்தல. சீசன்ல கடை போடுறவங்களும் நம்ம ஆளுங்கதான்னு சொன்னேன். அத திரிச்சி எழுதினது நீங்க.

கண்டி டவுன்:
திரிக்கல. அன்னைக்கு நீங்க எழுதினது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.

ஹட்டன்காரி:
நீங்க ரெண்டு பேரும் வேற எங்கயாவது போயி அடிச்சிக்கோங்க.

அன்னைக்கு முழுசா என்னா செஞ்சோம்னு எழுதுறேன், அப்பவாவது கேடு எங்க இருக்குன்னு காட்டுங்க. ஹட்டன்ல விடிய முந்தி பஸ் ஏறினோம். கினிகத்தேனை எறக்கத்துல அம்மாவுக்குத் தலை சுத்திச்சி, நாவலப்பிட்டியில ஒரு பிளேன்டீ குடிச்சதும் தெளிஞ்சிட்டாங்க. கம்பளை தாண்டினதும் சுவெட்டர கழட்டி பையில வச்சாங்க. மோல்ல முதல்ல செருப்புக் கடை. ஒன்னும் வாங்கல, ஆனா நாலஞ்சு சோடி போட்டுப் பார்த்தாங்க. ஊர்க்கடையில ஒன்ன போட்டா வாங்கித்தான் ஆகணும்னு நெனைக்கிறவங்க அவங்க. இங்க அந்தப் பிள்ளை ஒன்னு ஒன்னா எடுத்து வந்து காலடியில வச்சிச்சி. அப்புறம் சலூன். அப்புறம் பலூடா. கரண்டியால அடியில இருக்குற கசகசாவ தேடித் தேடி சாப்புட்டாங்க. மத்தியானத்துக்கு மேல கண்டி மார்க்கட்ல தங்கச்சி புள்ளைக்கு ஒரு கவுன். வாவிக்கரையில கொஞ்ச நேரம் உக்காந்துட்டு பஸ் ஏறினோம். யாரும் எங்கள வெரட்டல. அம்மாவ வேலை ஏவ யாரும் இல்ல. அவங்களுக்கு அப்படி ஒரு நாள் வாய்ச்சதே இல்ல.

பொகவந்தலாவை அண்ணன்:
வாசிச்சப்ப மனசு நெறைஞ்சிச்சி தங்கச்சி. எங்க வீட்டுலயும் கூட்டிட்டுப் போறேன். ஆனா மேல ஆம்பளைங்கள பத்தி சொன்னதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல.

பழைய கணக்கப்பிள்ளை:
அழகா எழுதுறீங்க, நல்லாருக்கு. தாய கூட்டிட்டுப் போனது நல்ல காரியம், அத நான் கொறை சொல்லல. ஆனா இவ்வளவும் எழுதி கறைய பத்தி ஒரு வரி இல்ல. இன்னைக்கு உங்கம்மா கை எப்படி இருக்கு? அத படம் எடுத்துப் போடுங்க. போகாது.

ஹட்டன்காரி:
எங்கம்மா கை உங்களுக்கு சாட்சிப் பொருள் இல்ல, போட மாட்டேன். அன்னைக்குப் போச்சு, நான் பார்த்தேன். திரும்ப வந்தா திரும்பக் கூட்டிட்டுப் போவேன். முகம் கழுவினா மறுநா அழுக்காகும்னு தெரிஞ்சிக்கிட்டே தினம் கழுவுறீங்கல்ல?

பழைய கணக்கப்பிள்ளை:
முகம் கழுவ கண்டிக்குப் போக மாட்டேன். படம் போட மாட்டேன்னு சொன்னதுலயே பதில் இருக்கு.

ஹட்டன்காரி:
உங்க வீட்டு அம்மாகிட்ட கேட்டுப் பாருங்க, ஒரு நாள் இப்படி போக ஆசை இருக்கான்னு. அவங்க சொல்றத இங்க எழுதுங்க.

பழைய கணக்கப்பிள்ளை:
எம் பொஞ்சாதிய இதுல இழுக்காதீங்க. மரியாதையா சொல்றேன்.

ஹட்டன்காரி:
எங்கம்மா கைய படம் எடுத்துப் போடச் சொன்னது மட்டும் மரியாதையா?

கொழும்புல இருக்கேன்:
நான் கேட்ட கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல.

இஸ்டோர் தம்பி:
நான் சொன்னத ரெண்டு பக்கமும் பாதி பாதியா பிச்சி எடுத்துக்கிட்டீங்க. தோல்ல போகும், நகத்துல நாள் எடுக்கும், மலைக்குப் போனா திரும்ப வரும். மூனையும் சேர்த்துதான் எழுதினேன்.

பழைய கணக்கப்பிள்ளை:
திரும்ப வரும்னா போகலன்னுதானே தம்பி அர்த்தம்.

ஹட்டன்காரி:
போகாம எப்படித் திரும்ப வரும்?

நுவரெலியா தங்கச்சி:
பொகவந்தலாவை அண்ணே, வீட்டுல கூட்டிட்டுப் போறதா இருந்தா நுவரெலியாவுக்கே வாங்க. அண்ணிக்கு பேல் பசார்ல நல்ல ஜெக்கட் பார்த்து நானே வாங்கித் தாறேன், கண்டியில அந்த வெலைக்குக் கெடைக்காது.

கண்டி டவுன்:
கண்டியில ஜெக்கட் யாருக்கு வேணும்?