சிறிய செமி ஆட்டோமேட்டிக் சலவை இயந்திரத்துக்கு நடுத்தண்டு உண்மையிலேயே உதவுகிறதா?

துவைகல்:

மூன்று, நான்கு கிலோ துணி கொள்ளும் சிறிய செமி ஆட்டோமேட்டிக் இயந்திரங்களில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் தொட்டியின் அடியில் வரிவரியாக மேடு எழுப்பிய தட்டு மட்டும் சுழலும். அதைத்தான் பல்சேட்டர் என்கிறோம். மற்றொன்றில் அதே தட்டின் நடுவிலிருந்து ஒரு தண்டு எழுந்து நிற்கும். அதன் உடம்பில் செங்குத்தான சிறகுகளோ சீப்புப் பற்களைப் போன்ற மென்மையான முட்களோ இருக்கும். விற்பவர்கள் இதை அஜிடேட்டர் என்றே சொல்கிறார்கள். பெயர் எதுவானாலும், சிறிய தொட்டிக்குத் தண்டு வைத்ததே மேல் என்பது என் முடிவு.

என் இயந்திரத்தில் அந்தத் தண்டைத் திருகிக் கழற்ற முடியும். கழற்றிவிட்டுத் துவைத்த வாரங்களில் சட்டைக் காலரின் உள்மடிப்பில் பழுப்புக் கோடு அப்படியே நின்றது. மீண்டும் மாட்டித் துவைத்தபோது கோடு கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மங்கியது. காரணம் எளிது. தட்டு மட்டும் இருந்தால் நீர் சுழல்கிறது, துணியும் நீரோடு சேர்ந்து சுழல்கிறது, எதுவும் எதன் மீதும் உரசுவதில்லை. குடைராட்டினத்தில் உட்கார்ந்திருப்பவருக்குப் பக்கத்துக் குதிரை நகர்வதே தெரியாது அல்லவா, அந்த நிலைதான் துணிக்கும் நீருக்கும். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் காரணத்தோடு எழுதுங்கள்.

அரைகுறைப் பொறியாளர்:

துவைகல் அவர்களே, காலர் பற்றிய உங்கள் அனுபவத்தை நான் மறுக்கவில்லை. அதற்கு நீங்கள் சொல்லும் காரணத்தைத்தான் ஏற்க முடியவில்லை.

அஜிடேட்டருக்கு அந்தப் பெயரை வாங்கித் தந்தது அதன் அசைவு. 1922இல் மேடேக் நிறுவனம் தொட்டியின் அடியில் சிறகுள்ள அஜிடேட்டரைப் பொருத்தி விற்கத் தொடங்கிய நாளிலிருந்து, அந்த வகை இயந்திரங்களில் சிறகுகள் முழுச் சுற்றுச் சுற்றுவதில்லை. மோட்டார் எப்படிச் சுழன்றாலும், இடையில் உள்ள கியர் அமைப்பு அதை முன்னும் பின்னுமான அசைவாக மாற்றுகிறது. சிறகு ஏறத்தாழ அரைச் சுற்றுப் போய், உடனே திரும்பி வருகிறது. ஆகவே சட்டைக் கை அதைச் சுற்றிக்கொள்ளத் தொடங்கும் முன்பே விடுபட்டுவிடுகிறது. நம் சிறிய இயந்திரங்களில் அப்படிப்பட்ட கியர் இல்லை. டைமர் மோட்டாரின் திசையை மாற்றுகிறது, பெல்ட் தட்டைச் சுழற்றுகிறது. தட்டு ஒரே திசையில் பல சுற்றுகள் சுற்றி, நின்று, பிறகுதான் எதிர்த்திசைக்குப் போகிறது. அதன் தலையில் ஒரு தண்டை நட்டால் தண்டும் அப்படியே சுற்றும். பம்பரத்தில் கயிறு சுற்றுவதைப் போலச் சட்டைக் கையும் நாடாவும் அதன் மீது சுற்றிக்கொள்கின்றன. அஜிடேட்டரின் உருவம் கிடைத்தது, அதன் வேலை கிடைக்கவில்லை.

இடத்தையும் கணக்குப் பாருங்கள். என் தொட்டியின் அகலம் 36 சென்டிமீட்டர், தண்டின் பருமன் 12 சென்டிமீட்டர். தண்டுக்கும் சுவருக்கும் இடையே மிஞ்சுவது ஒவ்வொரு பக்கமும் 12 சென்டிமீட்டர்தான். துணி அடியில் வெளிப்பக்கம் தள்ளப்பட்டு, சுவரோரம் மேலேறி, நடுவில் மறுபடியும் அமிழ வேண்டும். இந்தப் புரளல் நடந்தால்தான் எல்லாத் துணிக்கும் தட்டின் அடி கிடைக்கும். தடித்த ஜீன்ஸ் ஒன்று 12 சென்டிமீட்டர் சந்துக்குள் எப்படிப் புரளும்?

துவைகல்:

கியர் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். விற்பவர்கள் பெயரை இரவல் வாங்கிவிட்டார்கள் என்பதும் உண்மைதான். ஆனால் நடுவில் கிடக்கும் வெறும் தட்டு நல்ல ஏற்பாடு என்பது இதனால் நிரூபணம் ஆகிவிடாது.

1948இல் ஹூவர் நிறுவனம் கொண்டுவந்த சிறிய இயந்திரத்திலும், 1953இல் சான்யோ ஜப்பானில் விற்ற இயந்திரத்திலும் பல்சேட்டர் தொட்டியின் பக்கச் சுவரில் இருந்தது. அங்கிருந்து நீரைக் குறுக்கே தள்ளினால், அது எதிர்ச்சுவரில் மோதி மடங்கி வருகிறது. தொட்டிக்கு நடுவே தட்டை வைத்துச் சுழற்றினாலோ எல்லாமே ஒரே அச்சைச் சுற்றி ஒன்றாக ஓடத் தொடங்கிவிடும். அந்த ஓட்டத்தைக் குலைக்க ஏதாவது ஒன்று வேண்டும், என் தொட்டியில் அதைத் தண்டு செய்கிறது.

இன்னொன்றையும் கருத வேண்டும். ஹென்கெல் நிறுவனத்தில் பணியாற்றிய ஹெர்பர்ட் சின்னர் 1959இல் சொன்ன கணக்குப்படி, அழுக்கு போவதற்கு வேதிப்பொருள், வெப்பம், உரசல், நேரம் என நான்கு வேண்டும்; ஒன்று குறைந்தால் மற்றவை அதை ஈடு செய்தாக வேண்டும். நம் இயந்திரங்களில் பெரும்பாலானவற்றில் ஹீட்டர் இல்லை. சலவை டைமரைப் பெரும்பாலும் 15 நிமிடத்துக்கு மேல் திருப்ப முடியாது. சோப்புத்தூளைக் கூட்டினால் அலசவே தனித் தண்ணீர் வேண்டும். எஞ்சியிருப்பது உரசல் மட்டும். அதைக் கூட்டித் தரும் பாகத்தைக் கழற்றி எறியச் சொல்கிறீர்கள்.

பெல்ட்டும் புல்லியும்:

நான் இந்த இயந்திரங்களைப் பிரித்துப் பழுது பார்ப்பவன். இரு தரப்பினரும் தொட்டிக்கு மேலே உள்ளதை மட்டும் பேசுகிறீர்கள், ஆகவே கீழே உள்ளதைச் சொல்கிறேன்.

நடுவில் உள்ள திருகைக் கழற்றி, தட்டின் இரு ஓரங்களிலும் கொக்கி போட்டுத் தூக்கினால் வழவழப்பான கரும் சேறும், அதற்குள் கொண்டை ஊசியும் நாணயமும் சட்டைப் பொத்தானும் கிடக்கும். தட்டைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கத்திலும் சிறு சிறகுகள் இருக்கும். பல மாதிரிகளில் அவைதான் நீரைச் சுவரோரக் குழாய் வழியே மேலே ஏற்றி, பஞ்சு பிடிக்கும் வலைப்பைக்குள் கொட்டுகின்றன. சேறு அடைத்துவிட்டால் பை வெறுமையாகத் தொங்கும், பஞ்செல்லாம் கறுப்புத் துணியில் ஒட்டிக்கொண்டு வரும். ‘இயந்திரம் சரியாகத் துவைக்கவில்லை’ என்று என்னிடம் வருபவர்களில் பலருக்கு இதைச் சுத்தம் செய்தாலே குறை தீர்ந்துவிடுகிறது. தண்டு நல்லதா தட்டு நல்லதா என்று முடிவு கட்டுவதற்கு முன் துவைகல் அவர்கள் ஒருமுறை இதைச் செய்து பார்க்க வேண்டும்.

இனி, தண்டு வைத்தவற்றில் நான் காண்பது. துணி ஒரு பக்கமாகச் சுற்றிக்கொண்டு நிற்கும்போது, உயரமான தண்டு நெம்புகோல் போல அடியில் சுழலும் அச்சைத் தாங்கும் புஷ்ஷையும், நீர் கீழே கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீலையும் பக்கவாட்டில் அழுத்துகிறது. சீலின் உதடு தேய்ந்தால் முதலில் ஒரு சொட்டு, துருநிறத்தில், இயந்திரத்தின் அடியில் விழும். அதைக் கவனிக்காமல் விட்டால் தண்டவாளத்தில் ரயில் ஓடுவது போன்ற சத்தத்தோடு தாங்கி போய்விடும். துணி தண்டைப் பிடித்து நிறுத்தும் ஒவ்வொரு முறையும் பெல்ட் வழுக்குவதால், தரையில் கறுப்பு ரப்பர் தூள் கொட்டிக் கிடக்கும், கருகிய வாடையும் வரும். தட்டு மட்டும் உள்ளவற்றிலும் இதெல்லாம் நடக்கும், அளவுக்கு மீறித் துணி போட்டால்.

துவைகல் சொன்ன குடைராட்டினக் குறையை உற்பத்தியாளர்களும் அறிவார்கள். பல இரட்டைத் தொட்டி இயந்திரங்களில் சலவைத் தொட்டி முழு வட்டமாக இருப்பதில்லை. மூலை மழுங்கிய சதுரமாக இருக்கும், சுவரில் புடைப்புகளும் இருக்கும். சுழல் அந்த மூலைகளில் மோதித்தான் உடைகிறது.

நுரைமேகம்:

துவைப்பது ஒரு பக்கம் இருக்கட்டும். தண்டில் முறுக்கிக்கொண்ட துணியை நான் ஒவ்வொரு முறையும் ஜடை பிரிப்பதைப் போலப் பிரிக்க வேண்டியிருக்கிறது. பிரிக்காமல் அப்படியே பிழியும் தொட்டியில் போட்டால் இயந்திரம் நடக்கத் தொடங்கி, கழிவுநீர்க் குழாய் இழுக்கும் தூரம் வரை போய் நிற்கிறது. இதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லையே?

அரைகுறைப் பொறியாளர்:

சேர்த்துக்கொள்வோம். பிழியும் தொட்டி நிமிடத்துக்கு 1,300 சுற்றுச் சுற்றுவதாகவும், அதன் ஆரம் 10 சென்டிமீட்டர் என்றும் வைத்தால், ஓரத்தில் உள்ள துணியின் மீது புவியீர்ப்பைப் போல ஏறத்தாழ 190 மடங்கு விசை விழுகிறது. ஒரு பக்கம் 100 கிராம் ஈரத்துணி கூடுதலாக இருந்தால், 19 கிலோ எடை தொட்டியை அந்தப் பக்கம் இழுப்பதற்குச் சமம். அதுவும் நொடிக்கு இருபது முறைக்கு மேல் திசை மாறி மாறி. முறுக்கிய துணியைச் சமமாகப் பரப்ப முடியாது என்பதால் நுரைமேகம் சொல்லும் நடை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஆனால் நான் இன்று எழுத வந்தது வேறு. என் முதல் பதிவில் தண்டு அடைக்கும் இடத்தைப் பற்றிச் சொன்னேன். அந்தக் கணக்கை முடிக்காமல் விட்டது என் தவறு. தொட்டியை வட்டம் என்றே வைத்துக்கொண்டு 25 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் நிரப்பினால் ஏறத்தாழ 25 லிட்டர். அதில் அமிழ்ந்திருக்கும் தண்டு கிட்டத்தட்ட 3 லிட்டர் இடத்தை எடுத்துக்கொள்கிறது. துவைகல் தண்டைக் கழற்றிவிட்டு அதே கோடு வரை நிரப்பியிருந்தால், தெரியாமலேயே 3 லிட்டர் நீரைக் கூட்டியிருக்கிறார். சோப்பு நீர்த்துப்போயிற்று, துணிக்கும் துணிக்கும் இடையே நெருக்கம் குறைந்து மிதக்கத் தொடங்கிற்று. காலரைத் தேய்ப்பதில் தட்டைவிடவும் தண்டைவிடவும் பக்கத்துத் துணிக்குத்தான் பங்கு அதிகம். தண்டில்லாமல் நீரையும் குறைத்துத் துவைத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

துவைகல்:

மூன்று முறை துவைத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

முதலில் பெல்ட்டும் புல்லியும் அவர்கள் சொன்னபடி தட்டைத் தூக்கினேன். ஊசி இரண்டு, பொத்தான் மூன்று, கைநிறையச் சேறு. பிறகு தண்டு இல்லாமல், வழக்கமான கோட்டுக்கு இரண்டு விரல் கீழே நீரை நிறுத்தி, அதே எண்ணிக்கைச் சட்டைகளையும் அதே அளவு தூளையும் போட்டேன். ஒரு சிவப்புக் கைக்குட்டையையும் சேர்த்துப் போட்டுவிட்டு மூடியைத் திறந்தபடி நின்று பார்த்தேன். முன்பு அது நீர்ப்பரப்பிலேயே வட்டமடித்துக்கொண்டிருக்கும்; இம்முறை நடுவில் அமிழ்ந்து, சுவரோரம் எங்கோ எழுந்து, மறுபடி காணாமற்போயிற்று. காலர்க் கோடு, தண்டு மாட்டித் துவைத்தபோது மங்கிய அளவுக்கு மங்கியது. சட்டைக் கைகள் முறுக்கிக்கொள்ளவில்லை.

ஆகவே நான் காட்டிய காரணம் தவறு என்று ஒப்புக்கொள்கிறேன், முடிவு முழுவதும் தவறு என்று இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. மூன்றாம் முறை இரண்டே சட்டைகளைப் போட்டபோது உரசுவதற்குப் பக்கத்துத் துணி இல்லாததால், நீரை எவ்வளவு குறைத்தும் கோடு போகவில்லை. அதே இரண்டு சட்டைகளுக்குத் தண்டின் முட்கள் பயன்பட்டன. தனியாக வாழ்பவர் தினம் ஒரு ஜோடி துவைக்கிறார் என்றால் தண்டு வைத்ததை வாங்கச் சொல்வேன்.

அரைகுறைப் பொறியாளர்:

இரண்டு சட்டைக்காக ஒரு தொட்டி நீரையும் மின்சாரத்தையும் செலவழிப்பதைவிட, காலரில் சோப்புக் கட்டியைத் தடவிக் கையால் நான்கு முறை கசக்குவது விரைவானது. இதில் நாம் உடன்படப் போவதில்லை என்று தெரிகிறது.

பெல்ட்டும் புல்லியும்:

ஒரு சிறு எச்சரிக்கை. தண்டைக் கழற்றிய பின் அது திருகியிருந்த துளையைத் திறந்தபடி விடாதீர்கள், அந்த விளிம்பு மெல்லிய துணியின் நூலை இழுத்துவிடும். தண்டோடு ஒரு சிறு பிளாஸ்டிக் மூடி வந்திருக்கும், தேடிப் பாருங்கள்.

துவைகல்:

மூடி கிடைத்தது. சேற்றுக்குள்தான் இருந்தது.