எம்.எஸ். நோய்க்கு ரிடுக்ஸிமாப் எழுதித்தரும் மருத்துவர் தேவை

வணக்கம். என் தங்கைக்கு 34 வயது, ஏற்காட்டில் இருக்கிறாள். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.), அதாவது மூளை, முதுகுத்தண்டு நரம்புகளைத் தாக்கும் நோய். 2022இல் வலது கண் மங்கியது, எம்.ஆர்.ஐ., முதுகுத்தண்டு நீர் சோதனை இரண்டிலும் உறுதியானது. டைமெத்தில் ஃபியூமரேட் மாத்திரையை ஒருவேளைகூட விடாமல் சாப்பிட்டும் இரண்டு முறை திரும்ப வந்துவிட்டது. போன மாதம் ஒரு செருப்பு கழன்றதே தெரியாமல் வாசல்வரை வந்து நின்றாள். ஐந்து நாள் ஸ்டீராய்டு ஏற்றியபின் நடக்கிறாள், ஆனால் இடது பாதம் இன்னும் மரத்தே இருக்கிறது.

சேலத்தில் நாங்கள் பார்க்கும் மருத்துவர் ரிடுக்ஸிமாப் பலன் தரும் என்கிறார். ஆனால் எழுதித்தர மாட்டேன் என்கிறார், இந்த நோய்க்கென்று அதற்கு அனுமதி இல்லையாம். இன்னொருவர் எழுதத் தயார். மருந்து ஏற்ற அவருடைய மருத்துவமனை ஒத்துக்கொள்ளவில்லை. காப்பீட்டிலும் மறுத்துவிட்டார்கள். லிம்போமா என்ற புற்றுநோய்க்கும் முடக்குவாதத்துக்கும் தரும் மருந்துதான். ஸ்வீடனில் எம்.எஸ்.க்கு நிறையப் பேருக்கு இதைத்தான் ஏற்றுகிறார்கள். 2023இல் உலக சுகாதார நிறுவனம் எம்.எஸ்.க்கான அத்தியாவசிய மருந்தாகவே சேர்த்தது. அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் காட்டியும் பயனில்லை. எம்.எஸ்.க்கென்றே அனுமதி உள்ள ஒக்ரிலிசுமாப் மருந்தின் விலை எங்களுக்குக் கட்டுப்படியாகாது.

ஹெபடைடிஸ் பி, காசநோய் சோதனைகள் எடுத்தாயிற்று, எல்லாம் சரி. 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வருவதற்குள்ளேயே அவள் துவண்டுவிடுகிறாள், அதனால் சேலத்திலேயே கிடைத்தால் நல்லது. கோவை, வேலூர் என்றாலும் போவோம்.

எம்.எஸ்.க்கு ரிடுக்ஸிமாப் எழுதி, அங்கேயே ஏற்றியும் விடும் நரம்பியல் மருத்துவர் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?