வைப்பர் பிளேடை வீட்டிலேயே மாற்றலாமா, அல்லது அதைத் தாங்கும் கையோடு சேர்த்து மாற்ற வேண்டுமா?

தண்டையார்பேட்டை வாசி:

வணக்கம். வீட்டில் இடமில்லாததால் எங்கள் கார் ஆண்டு முழுவதும் தெருவில் வெயிலிலேயே நிற்கிறது. அண்மையில் பெய்த மழையில் எண்ணூர் விரைவுச் சாலையில் வந்துகொண்டிருந்தபோது, ஓட்டுநர் பக்கத்து வைப்பர் என் கண்ணுக்கு நேரே ஒரு கையகலத்துக்குத் துடைக்காமலே விட்டுவிட்டது. மேலே ஏறும்போது சத்தமில்லாமல் போகிறது. கீழே இறங்கும்போது மட்டும் தடதடவென்று குதிக்கிறது. எதிரே வந்த கன்டெய்னர் லாரிகளின் விளக்கொளி அந்த ஈரத்தில் பட்டுப் பரவியதில் சாலை முற்றிலும் மறைந்துபோயிற்று. பழுதுபார்க்கும் கடை ஒன்றில் காட்டினேன். பிளேடு, அதைத் தாங்கும் கை இரண்டையும் மாற்றியாக வேண்டும் என்றார்கள். அது உண்மையிலேயே தேவைதானா? பிளேடை மட்டும் நானே வாங்கி மாற்ற முடியுமா? ஐப்பசி மழை வலுப்பதற்குள் முடித்துவிட எண்ணுகிறேன்.

மணலி ஓட்டுநர்:

ஐயா, எதையும் வாங்குவதற்கு முன் கண்ணாடியைக் கழுவிப் பாருங்கள். நம் பகுதியில் கடற்காற்றின் உப்பு, சாலைப் புழுதி, லாரிப் புகையின் எண்ணெய்ப் பிசுக்கு மூன்றும் சேர்ந்து கண்ணாடியில் ஒரு படலமாக ஒட்டிக்கொள்கின்றன. வெறும் தண்ணீருக்கு அது போகாது. பாத்திரம் கழுவும் திரவத்தைச் சில சொட்டுகள் தண்ணீரில் கலந்து நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டு, ஈரத்துணியால் ரப்பரின் விளிம்பையும் நீளவாக்கில் துடையுங்கள். துணியில் கரி போன்ற கறுப்பு சிறிதளவு வருவது இயல்பே. ரப்பரே துணுக்குத் துணுக்காக உதிர்ந்து வந்தால் அதன் ஆயுள் முடிந்துவிட்டது என்று கொள்ளலாம்.

கண்ணாடியில் விழும் தடத்தைப் பார்த்தே குறையை ஓரளவு சொல்லிவிடலாம். மெல்லிய கோடுகளாகத் தண்ணீர் நின்றால் ரப்பரில் மண் ஒட்டியிருக்கிறது அல்லது விளிம்பு கிழிந்திருக்கிறது. நீங்கள் சொல்வதுபோல் அகலமான பட்டையாக விட்டுப்போனால், அந்த இடத்தில் பிளேடு கண்ணாடியை அழுத்தவில்லை என்று பொருள். ஒரு திசையில் மட்டும் குதிப்பதற்குக் காரணம் வேறு: வைப்பர் திரும்பும் ஒவ்வொரு முறையும் ரப்பரின் விளிம்பு எதிர்ப்பக்கம் மடிய வேண்டும், வெயிலில் இறுகிய ரப்பர் மடியாமல் விறைத்து நிற்பதால் கண்ணாடியில் தத்தித் தத்திச் செல்கிறது.

ராயபுரம் மெக்கானிக்:

நண்பர் சொன்னது சரி. கையை மாற்றுவதைப் பற்றி மட்டும் நான் சேர்க்க வேண்டியது இருக்கிறது, ஏனெனில் கடற்கரையோரத்து வண்டிகளில் பலரும் வீணாகப் பணம் செலவழிப்பது அதில்தான். பட்டை விழுவதைக் கண்டவுடன் கையின் ஸ்பிரிங் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் கை மடங்கும் மூட்டில் உப்புத் துரு பிடித்து இறுகியிருக்கும். அதனால் ஸ்பிரிங்கின் விசை பிளேடுவரை வந்து சேராது. கையைத் தூக்கி, விடாமல் பிடித்தபடியே மெல்ல இறக்கிப் பாருங்கள். நடுவில் சிக்கி நின்றால் மூட்டில் சில சொட்டு எண்ணெய் விட்டு, ரப்பரிலும் கண்ணாடியிலும் வழியாமல் துடைத்துவிட்டு, பலமுறை ஏற்றி இறக்குங்கள். அதற்குப் பிறகும் கை தளர்ந்தே இருந்தால் மட்டும் புதுக் கையைப் பற்றி யோசியுங்கள்.

பிளேடை மாற்றுவது மிக எளிது. சில வண்டிகளில் கை பானெட்டின் விளிம்புக்குக் கீழே மறைந்திருக்கும். அப்போது வைப்பரை ஓடவிட்டு, அது கண்ணாடியின் நடுவில் இருக்கும்போது சாவியை அணைத்தால் அங்கேயே நின்றுவிடும். முதலில் ஒரு கெட்டியான துண்டை மடித்துக் கண்ணாடியின் மேல் விரியுங்கள். இதை மட்டும் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். பிளேடு கழன்ற பிறகு கையின் முனையில் எஞ்சியிருப்பது வெறும் இரும்பு. அது உங்கள் பிடி தவறி ஸ்பிரிங் வேகத்தில் அறைந்தால் முன்கண்ணாடி விரிசல் விட்டுவிடும், பிளேடின் விலையைப் போல் பல மடங்கு செலவு வந்து நிற்கும்.

கையை நிமிர்த்தி, பிளேடை அதற்குக் குறுக்காகத் திருப்பினால் நடுவில் ஒரு சிறிய பிளாஸ்டிக் நாக்கு தெரியும். அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு பிளேடைக் கையின் அடிப்பக்கம் நோக்கித் தள்ளினால், வளைந்த கொக்கியிலிருந்து அது விடுபட்டு வந்துவிடும். புதியதை எதிர்த்திசையில் இழுத்துப் பொருத்தும்போது ‘டக்’கென்று பிடிக்கும் சத்தம் கேட்க வேண்டும், கேட்ட பிறகும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். எல்லா வண்டியிலும் கொக்கிதான் இருக்கும் என்பதில்லை. குறுக்கு ஊசி, பக்கவாட்டுப் பொத்தான் என்று சில வண்டிகளில் வேறு பிடிப்புகள் உண்டு. ஆகவே பழைய பிளேடைக் கழற்றி, அதையே கடைக்குக் கொண்டுபோவது நல்லது. பிளேடு இல்லாத கையைத் துண்டின் மேல் மெதுவாகப் படுக்க வைத்துவிட்டுச் செல்லுங்கள்.

தண்டையார்பேட்டை வாசி:

மிக்க நன்றி. கழுவிய பிறகு கோடுகள் மறைந்துவிட்டன. மூட்டில் எண்ணெய் விட்டதும் பட்டையும் ஏறக்குறைய மறைந்தது. குதிப்பது மட்டும் நிற்கவில்லை. ரப்பரை மட்டும் மாற்றினால் போதுமா? இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு வாங்கலாமா?

திருவொற்றியூர் அம்மா:

தம்பி, அளவை இரண்டு பக்கமும் தனித்தனியே எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான கார்களில் ஓட்டுநர் பக்கத்துப் பிளேடு நீளமாகவும் மற்றது குட்டையாகவும் இருக்கும். அட்டையில் அங்குலத்திலோ மில்லிமீட்டரிலோ போட்டிருப்பார்கள்; 24 அங்குலம் என்பது ஏறக்குறைய 600 மி.மீ., 18 அங்குலம் என்பது ஏறக்குறைய 450 மி.மீ. என்று கணக்கு. கூடுதல் இடம் துடைக்குமே என்று நீளமானதை வாங்கினால், இரண்டும் ஒன்றோடொன்று மோதும் அல்லது ஓரத்துச் சட்டத்தில் இடிக்கும்.

பிளேடின் இரும்புச் சட்டம் வளையாமலும் துருப்பிடிக்காமலும் இருந்தால் ரப்பரை மட்டும் மாற்றுவது சிக்கனம்தான். ரப்பரோடு இருக்கும் இரண்டு மெல்லிய தகடுகள் எந்தப் பக்கம் வளைந்திருந்தனவோ, அதே பக்கமாகத் திரும்பப் போட வேண்டும். மாற்றிப் போட்டால் பிளேடின் நுனிகள் கண்ணாடியைத் தொடாது. ஆனால் தெருவில் வெயிலில் நிற்கும் வண்டிக்கு, சட்டத்தின் மூட்டுகளும் இறுகியிருக்கும் என்பதால், இந்த முறை முழுப் பிளேடாகவே மாற்றிவிடுங்கள் என்பேன். சென்னை ஜி.பி. ரோட்டில் உள்ள வாகன உதிரிபாகக் கடைகளில் பல வகையும் கிடைக்கும். புதிய ரப்பரின் மேல் பாதுகாப்புக்காக ஒரு பிளாஸ்டிக் உறை இருந்தால் அதை உருவிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும்.

புதிய பிளேடிலும் குதிப்பு நிற்கவில்லையென்றால், வைப்பரைக் கண்ணாடியின் நடுவில் நிறுத்திப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். ரப்பர் கண்ணாடிக்குச் செங்குத்தாக நிற்காமல் சாய்ந்திருந்தால் கை முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று அறியலாம். அதை அனுபவமுள்ள மெக்கானிக் இடுக்கியால் சிறிதளவு திருப்பிச் சரிசெய்துவிடுவார். அதற்கும் புதுக் கை தேவைப்படாது.