முதல் ஹோம் தியேட்டருக்கு எந்த ரிசீவர்?

கேள்வி: 12க்கு 14 அடி ஹால், 55 இன்ச் டிவி. இப்போதைக்கு 5.1 (5 ஸ்பீக்கர், 1 சப்வூஃபர்) போதும், பின்னால் அட்மாஸ் (மேலிருந்தும் சத்தம் வரும் டால்பி முறை) போடும் ஆசை இருக்கிறது. யமஹா ஆர்எக்ஸ்-வி385 ரிசீவர் (ஒலியைப் பிரித்து, பெருக்கி ஸ்பீக்கர்களுக்குத் தரும் பெட்டி) வாங்கலாமா?

பதில் 1: அட்மாஸ் எண்ணம் இருந்தால் அது வேண்டாம் நண்பரே, அதில் 5 சேனல் ஆம்ப்தான் (5 ஸ்பீக்கரைத்தான் ஓட்டும்), அட்மாஸ் ஒலியைப் பிரித்தறியும் டிகோடிங்கும் கிடையாது. 5.1.2க்கு (5.1-உடன் அட்மாஸுக்கு மேலே 2 ஸ்பீக்கர்) 7 சேனல் தேவை, டெனான் எக்ஸ்1800ஹெச் மாதிரி ஒன்றைப் பாருங்கள்.

பதில் 2: ரிசீவரின் பவர் வாட்ஸைப் பார்த்து மயங்காதீர்கள்! பெட்டியில் பெரிதாகப் போடுவது பெரும்பாலும் ஒரே சேனலை ஓட்டி அளந்தது. 2 சேனலையும் சேர்த்து ஓட்டி, 8 ஓம் ஸ்பீக்கருக்கு, 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை என்று தரும் கணக்கைத்தான் ஒப்பிடணும். அப்புறம் டிவியில் ஈஆர்க் (டிவியின் ஒலியை ஹெச்டிஎம்ஐ வழியே ரிசீவருக்கு அனுப்பும் வசதி) உண்டா? அதன் பழைய வடிவமான வெறும் ஆர்க் வழியாக ட்ரூஹெச்டி (டால்பியின் தரம் குறையாத ஒலி வடிவம்) வராது.

கேட்டவர்: ஈஆர்க் இருக்கிறது. சரி, 7 சேனலே எடுக்கிறேன், நன்றி.