கிளவுட் ஷெல்லில் நிறுவிய பேக்கேஜ் மறுநாள் காணோம்

கேள்வி: கூகுள் கிளவுட் ஷெல்லில் (பிரவுசரிலேயே திறக்கும் லினக்ஸ் கமாண்ட் லைன்) ஆப்ட் என்ற பேக்கேஜ் நிறுவி மூலம் ஒரு டூல் போட்டேன். அன்று ஓடியது, மறுநாள் ‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’. ஹோமில் (எனக்கான சொந்த ஃபோல்டரில்) வைத்த ஸ்கிரிப்ட்கள் மட்டும் பத்திரமாக இருக்கின்றன. ஏன்?

பதில் 1: பின்னால் ஓடும் விஎம் (விர்ச்சுவல் மெஷின், அதாவது மெய்நிகர் கணினி) தற்காலிகமானது. சும்மா விட்டால் அது போய்விடும், அடுத்த முறை புதிது வரும். நிலைப்பது உங்கள் ஹோம் டைரக்டரியின் 5 ஜிபி மட்டுமே. ஆப்ட் எழுதுவதோ ஹோமுக்கு வெளியே, யூஎஸ்ஆர், ஈடிசி என்ற சிஸ்டம் ஃபோல்டர்கள் பக்கம்; அதனால்தான் டூல் காணாமல் போனது.

வழி: ஹோமில் ‘.கஸ்டமைஸ்_என்விரான்மென்ட்’ என்ற ஃபைலை (ஆங்கிலத்தில், சிறிய எழுத்தில், முன்னால் புள்ளியோடு) உருவாக்கி, ஆப்ட் வரிகளை அதில் எழுதுங்கள். விஎம் கிளம்பும்போதெல்லாம் அது ரூட்டாக (முழு அதிகாரமுள்ள பயனராக) ஓடும், அந்த அதிகாரம் கேட்கும் சூடோ கமாண்ட் வேண்டாம். ஆனால் பின்னணியில் ஓடுவதால் ப்ராம்ப்ட் வந்த உடனே டூலைத் தேடாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள்.

பதில் 2: டூல் ஒற்றை பைனரி (நேரடியாக ஓடும் ஒரே ஃபைல்) என்றால் இவ்வளவு பாடு எதற்கு? ஹோமுக்குள் ‘பின்’ (bin) என்ற ஃபோல்டரில் போட்டு, ஷெல் திறக்கும்போது ஓடும் பாஷ்ஆர்சி ஃபைலில் அந்த ஃபோல்டரை பாத்தோடு (கமாண்ட்களைத் தேடும் இடங்களின் பட்டியல்) சேர்த்துவிடுங்கள்.

120 நாள் திறக்காமல் விட்டால் ஹோமும் அழிக்கப்படும், முக்கியமானதை கிட் (Git) ரெப்பாசிட்டரியில் வையுங்கள்.

கேட்டவர்: ஏடபிள்யூஎஸ் (அமேசானின் கிளவுட்) ஷெல்லிலும் இதே கதையா?

பதில் 1: கிட்டத்தட்ட. அங்கே ஒவ்வொரு ரீஜனுக்கும் (சர்வர்கள் இருக்கும் பகுதி) ஹோமில் நிலைப்பது 1 ஜிபி. ரீஜனை மாற்றினால் ஹோம் காலியாகத் தெரியும்; ஃபைல் தொலையவில்லை, பழைய ரீஜனில்தான் இருக்கிறது. நீண்ட நேர வேலைகளை இரண்டிலும் ஓட்டாதீர்கள். இணைப்பு அறுந்தாலும் வேலையை ஓடவிடும் டிமக்ஸ் டூலைப் போட்டாலும் விஎம்மே போனால் அதுவும் போகும்.