மிஷன் கமாண்ட்: ‘பணியாணை’ போதாது

அனைவருக்கும் வணக்கம்.

படைத்துறைச் சொற்பட்டியலில் மிஷன் கமாண்ட் என்ற ஆணைமுறைக்குப் ‘பணியாணை’ என்று போட்டிருக்கிறோம். அதைப் படிப்பவர் குத்தகையாளருக்குத் தரும் வேலை உத்தரவைத்தான் நினைப்பார். ‘குறிப்பாணை’ அழகான சொல்தான், ஆனால் தமிழக அலுவலகங்களில் அது மெமோவாகிவிட்டது.

1806இல் இயேனாவில் நெப்போலியனிடம் தோற்ற பிறகு பிரஷ்யப் படையில் வளர்ந்த முறை இது. எதை, எதற்காகச் செய்ய வேண்டும் என்பதை மேலதிகாரி சொல்வார். எப்படிச் செய்வது என்பது கீழே இருப்பவர் பொறுப்பு. ரப்பர் தோட்டத்து உதாரணம் ஒன்று: “பத்து மணிக்குப் பால் எடு” என்று மண்டோர் (மேற்பார்வையாளர்) சொன்னால், ஒன்பதரைக்கு மழை கருக்கும்போதும் ஆள் காத்திருப்பார், மங்கில் (பால் வடியும் கிண்ணத்தில்) தண்ணீர் கலந்துவிடும். “மழைக்கு முன்னால் பால் ஸ்டோருக்கு வந்தாக வேண்டும்” என்று சொல்லியிருந்தால் யாரையும் கேட்காமல் எடுத்திருப்பார். நமக்கு வேண்டிய சொல்லில் இந்த ‘எதற்காக’ தெரிய வேண்டும்.

‘இலக்காணை’ என்று முன்மொழிகிறேன்.

– கு., சிலிம் ரிவர்

*

கு. ஐயாவுக்கு வணக்கம்.

‘பணியாணை’ வேண்டாம் என்பதில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் இலக்கு என்றால் பாலம், குன்று, சந்திப்பு என்று இடத்தைத்தான் குறிக்கும். பாலத்தை எதற்காகப் பிடிக்கிறோம் என்பது அதில் வராது.

மலாயாவில் ஜப்பானியர் பிரிட்டிஷ் படையைத் தாக்கிய நம் சிலிம் ரிவர் சண்டையையே எடுத்துக்கொள்வோம். 1942 ஜனவரி 7, விடியாத இருட்டு. காலாட்படையைப் பக்கவாட்டில் சுற்றி அனுப்புவதுதான் ஜப்பானியரின் வழக்கம். டாங்கி அணித் தலைவர் மேஜர் ஷிமாடாவோ சாலையோடு நேராகப் பாய அனுமதி கேட்டார், கர்னல் ஆண்டோ கொடுத்தார். நோக்கம் மாறவில்லை, வழிதான் மாறியது. தடுப்பில் நின்ற டாங்கிகள், சாலையை நேராக்கியபோது கைவிடப்பட்ட பழைய வளைவுகளைத் தேடி ரப்பர் காட்டுக்குள் புகுந்து பின்பக்கம் வெளிப்பட்டன. சிலிம் ஆற்றுப் பாலத்தில் வெடிமருந்துக் கம்பியை லெப்டினன்ட் வத்தனாபே வாளால் வெட்டினார். வாளால் வெட்டு என்று எந்த ஆணையிலும் எழுதியிருக்காது. பாலம் முழுதாக வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

எதிர்த்தரப்பான பிரிட்டிஷ் படையில் தொலைபேசிக் கம்பி அறுந்ததும் செய்தியும் நின்றது. சாலையில் நடந்துகொண்டிருந்த கூர்க்கா பட்டாளத்துக்கு, முதுகுக்குப் பின்னால் டாங்கி வந்த பிறகுதான் விஷயமே தெரிந்தது. மலாயாவில் பிரிட்டிஷாரிடம் டாங்கியே இல்லை என்பது தோல்விக்குப் பாதிக் காரணம். கண்ணிவெடி கையிருப்பில் இருந்தும் சாலையில் மிகச் சிலவே வைக்கப்பட்டன என்பது மீதி.

இம்முறையைச் சுதந்திரம் என்று சிலர் எழுதுகிறார்கள், அது தவறு. ஆணையில் எல்லைக்கோடு, நேரம், பக்கத்து அணியின் வேலை, இரண்டு படி மேலே உள்ள தலைவரின் நோக்கம் எல்லாம் இருந்தாக வேண்டும். நேரமும் கணக்கு: 6 மணி நேரம் இருந்தால் மேலே 2 மணி, கீழே 4 மணி. மேலே உள்ளவர் 5 மணியை விழுங்கிவிட்டால், கீழே உள்ளவர் வரைபடத்தை விரிப்பதற்குள் எஞ்சின் ஓடத் தொடங்கிவிடும்.

கருவியும் வேண்டும். 1940இல் பல பிரெஞ்சு டாங்கிகளின் கோபுரத்தில் ஒரே ஆள். பீரங்கியில் குண்டு நிரப்புவது, குறி பார்ப்பது, சுடுவது, கட்டளை இடுவது எல்லாம் அவரே. வானொலியும் பலவற்றில் இல்லை. ஜெர்மானியரின் மூன்றாம் வகைப் பான்சர் டாங்கியில் கோபுரத்தில் மூவர், வண்டியில் ஐவர், கூடவே வானொலி. தலைவருக்குச் சுற்றிப் பார்க்க நேரம் கிடைத்தது. பிரெஞ்சுக்காரரின் கவசம் பல வண்டிகளில் தடிமன் கூட, அது கைகொடுக்கவில்லை.

‘நோக்காணை’ எப்படி?

– செ., துரோலாக்

*

தம்பி செ., பொருள் சரி. சொல்லைப் பார்க்கிறவருக்கு முதலில் ‘நோக்கா’ என்றுதான் தெரியும், பாராமல் இட்ட ஆணை என்றாகிவிடும். இலக்கணப்படி அந்தப் பொருளுக்கு ‘நோக்காவாணை’ என்றுதான் வர வேண்டும் என்று நீங்கள் வாதாடலாம். ஆனால் மாணவர் சந்தி பார்த்து வாசிப்பதில்லை. ‘நோக்க ஆணை’ என்று பிரித்தே எழுதுவோம். எதிர்ச்சொல்லும் உடனே கிடைக்கிறது: ‘வழிமுறை ஆணை’.

ஒரு சந்தேகம். 1940 மே மாதம் நிற்கச் சொன்ன பிறகும், ‘வலுவான வேவு’ என்ற பெயரில் ஜெர்மானிய டாங்கிப்படைத் தளபதி குடேரியன் முன்னே போனாரே. மேலிடம் வானொலியை ஒட்டுக்கேட்கக் கூடாது என்று தொலைபேசிக் கம்பியே இழுத்தார். அது நோக்க ஆணையா, கீழ்ப்படியாமையா?

– ப., சிலிம் ரிவர்

*

ஐயா, என் கணக்கில் கீழ்ப்படியாமைதான். நோக்கத்தை மேலிடமே மாற்றிய பிறகு பழைய நோக்கத்தைப் பிடித்துக்கொண்டு போனார், வென்றதால் பாடமாகிவிட்டது. அதனால் பதிவில் ஒரு வரி கூடுதலாகச் சேர்த்திருக்கிறேன்:

நோக்க ஆணை – செய்ய வேண்டியதையும் அதன் காரணத்தையும் எல்லைகளையும் மட்டும் சொல்லி, வழியைக் கீழ்நிலைத் தலைவரிடம் விடும் ஆணைமுறை. நோக்கத்தை மாற்றும் உரிமை இதில் அடங்காது.

‘டாங்கி’யை ஈழத்து வழக்குப்படி ‘தாங்கி’ ஆக்கலாமா என்பதற்குத் தனி மடல் இடுங்கள். இங்கே கலந்தால் இரண்டும் முடியாது.

– கு.